நாற்பதுக்கு மேல் ஆணழகன் மேடை: ரத்தப் பரிசோதனையில் தொடங்கி போட்டிக்கு மறுவாரம் வரை

41 வயதில் முதன்முதலாக எடை தூக்கும் பாரைப் பிடித்தவன் நான். 44-இல் மேடையேறினேன். ஒன்பது பேர் நின்ற வரிசையில் ஆறாவது இடம். அப்புறம் மூன்று முறை ஏறிவிட்டேன். இப்போது மாலையில் எங்கள் ஜிம்மில், "ஒரு தடவையாவது ஏறிப் பாக்கணும்ணே" என்று வருகிற நடுவயதுக்காரர்களுக்குக் கூடமாட உதவுகிறேன்.

அவர்களில் சோம்பேறி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. தப்பாகப் போவது செய்யும் வரிசைதான். சுவரொட்டியைப் பார்த்ததும் தேதியை முடிவு செய்கிறார்கள். மறுநாள் சோற்றை நிறுத்துகிறார்கள். அடுத்த வாரம் யாரோ சொன்ன பவுடரை வாங்குகிறார்கள். போஸிங்கை, அதாவது தசையைக் காட்டி நிற்கும் பயிற்சியை, கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போவது தலைசுற்றி உட்கார்ந்த பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

தொடங்கும் முன் வீட்டில் இருக்க வேண்டியவை: 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, உடல் எடை பார்க்கும் மெஷின், தையல்காரர் டேப், பிபி மெஷின், ஒரு நோட்டு. ஜிம் ஷூவைவிட இவை முக்கியம்.

1. ஜிம்முக்கு முன்னால் லேப்

எடுக்க வேண்டியவை: சர்க்கரை (மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பி ஏ1சி), கொழுப்பு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல், தைராய்டு, வைட்டமின் டி, இசிஜி. டிரெட்மில் அல்லது எக்கோ தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். பிபியை ஒரு வாரம் காலையில் வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் ஒரே ஒருமுறை பார்த்த எண்ணை நம்ப முடியாது.

40-க்கு மேல் சர்க்கரையும் பிபியும் சத்தமில்லாமல் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடையைத் தூக்கும்போது பிபி அந்த நொடியில் கடுமையாக ஏறும். ஏற்கெனவே 150-இல் இருப்பவர் அதைத் தெரியாமல் லெக் பிரஸ்ஸில் படுக்கக் கூடாது. தொப்புளிலோ தொடை இடுக்கிலோ இருமும்போது புடைப்பு தெரிந்தால் குடலிறக்கமா என்று முதலில் பாருங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைட் எடுத்துக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்கள் அரிசி, கோதுமையை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. பிபி மாத்திரையோ, எடை இறங்க இறங்க அதே டோஸ் அதிகமாகி, எழுந்து நின்றால் கண் இருட்டும். டோஸை மாற்ற வேண்டியவர் டாக்டர். ஜிம் மாஸ்டரும் மாற்றக் கூடாது, நீங்களும் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடுமையாகக் கால் பயிற்சி செய்துவிட்டு இரண்டு நாளில் ரத்தம் கொடுத்தால், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகள் எகிறி நிற்கும். அந்த நொதிகள் தசையிலிருந்தும் வரும் என்பதுதான் காரணம். கிரியேட்டின் பவுடர் (தசை பலத்துக்கான சப்ளிமெண்ட்) சாப்பிட்டால் கிரியேட்டினினும் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆகவே பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் கடும் பயிற்சி வேண்டாம், சாப்பிடும் பவுடரை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். எனக்கு இது தெரியாமல், கல்லீரல் போய்விட்டதென்று பத்து நாள் தூங்காமல் கிடந்தேன்.

2. ஒரு போட்டியைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள்

பெயர் கொடுப்பதற்கு ஒரு வருடம் முன்னாலேயே உங்கள் மாவட்டத்தில் நடக்கும் ஆணழகன் போட்டி ஒன்றுக்குப் போங்கள். பார்வையாளராக வேண்டாம். தெரிந்த போட்டியாளர் ஒருவருக்கு எண்ணெய் தடவிவிட, பை தூக்கப் போங்கள். எடை பார்க்கும் வரிசை, தாமதம், பசி, மேடையில் நம்பர் கூப்பிடும் வேகம் எல்லாம் அங்கேதான் புரியும்.

பிரிவுகளையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பாடிபில்டிங் என்பது ட்ரங்க் (போட்டிக்கான சிறிய ஜட்டி) அணிந்து, எடை வாரியாக, 60, 65, 70 என்று ஐந்தைந்து கிலோ இடைவெளியில் நடப்பது. மென்ஸ் ஃபிசிக்கில் முட்டி வரைக்குமான ஷார்ட்ஸ் போட்டு நிற்பார்கள், தொடை மறைந்திருக்கும், கட்டாய போஸ்கள் கிடையாது. கிளாசிக் ஃபிசிக்கில் உயரத்துக்கு இவ்வளவு எடைதான் என்று உச்சவரம்பு உண்டு. மாஸ்டர்ஸ் என்பது வயதுப் பிரிவு, பெரும்பாலும் 40-இல் தொடங்கும். பெண்களுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. நான் இங்கே எழுதுவது ஆண்கள் வரிசையில் நின்ற அனுபவம்.

தாமதமாகத் தொடங்கியவருக்கு என் சிபாரிசு மாஸ்டர்ஸ். அது இல்லாத ஊரில் மென்ஸ் ஃபிசிக். பல உள்ளூர்ப் போட்டிகளில் மாஸ்டர்ஸ் பிரிவே இருக்காது. அதைக் கேட்காமல் 20 வாரம் பட்டினி கிடந்துவிட்டு, எடைப் பிரிவில் 24 வயதுப் பையன்களுக்கு நடுவே நின்றவரை எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் தனித்தனியாகப் போட்டி நடத்துகின்றன. எந்தச் சங்கத்தின் போட்டி, அதில் ஏறினால் வேறிடத்தில் ஏற முடியுமா, வயதுச் சான்றாக எதைக் கேட்பார்கள், ட்ரங்க் என்ன நிறம், டேன் (தோலைக் கறுப்பாக்கும் பூச்சு) போட அனுமதி உண்டா என்பதையெல்லாம் நடத்துபவர்களிடம் நேரில் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

3. முதல் 12 வாரம் மூட்டுக்கு, அப்புறம் தசைக்கு

எடையே தூக்காதவர் என்றால் மேடைக்கு முன் குறைந்தது இரண்டு வருடம் வேண்டும். ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துவந்தவர் என்றால் ஒரு வருடம். அதற்குக் குறைவாக யார் சொன்னாலும் அவர் உங்களிடம் எதையோ விற்கப் போகிறார்.

முதல் 12 வாரம் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், டம்பெல் பிரஸ், ரோயிங், புல்டவுன், ருமேனியன் டெட்லிஃப்ட், ஷோல்டர், காஃப் (கெண்டைக்கால்). ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செட், 12 முதல் 15 ரெப்ஸ் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், இடைவிடாமல் செய்யும் ரெப்ஸ் சேர்ந்தது ஒரு செட்). இன்னும் மூன்று ரெப்ஸ் வரும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். தசை சீக்கிரம் பழகிக்கொள்ளும். தசைநாண் அப்படியில்லை, மெதுவாகத்தான் கெட்டிப்படும். நெஞ்சு தயார் என்கிறபோது முழங்கை தயாராக இருக்காது.

நான் பட்ட அடி இதுதான். நான்காவது மாதத்தில் பக்கத்து பெஞ்ச் பையன் செய்கிறானே என்று படுத்தபடி ட்ரைசெப்ஸுக்கு (மேற்கையின் பின்பக்கத் தசை) அவன் தூக்கிய எடையையே எடுத்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுவாரம் காபி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையில் சுளீரென்றது. மூன்று மாதம் போனது. இன்றைக்கும் ட்ரைசெப்ஸுக்குக் கயிறு கட்டிய கேபிள்தான், 15 ரெப்ஸுக்குக் கீழே போவதில்லை.

12 வாரம் முடிந்ததும் வாரம் நான்கு நாளாக்குங்கள்: இரண்டு நாள் மேலுடம்பு, இரண்டு நாள் கீழுடம்பு. ஒரு தசைக்கு வாரம் 10 செட்டில் தொடங்கி, தாங்கினால் 14, 16 என்று ஏற்றலாம். ஒன்றிரண்டு ரெப்ஸ் மிச்சம் இருக்கும்வரை போனால் போதும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை செட்களைப் பாதியாக்கி ஒரு வாரம் இளைப்பாறுங்கள். 25 வயதில் தூக்கமே போதும், 45-இல் அந்த ஒரு வாரமும் வேண்டும்.

எதை வளர்ப்பது? கண்ணாடியில் தெரிவதை மட்டும் வளர்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. செஸ்ட், பைசெப்ஸ், செஸ்ட், பைசெப்ஸ். நடுவரோ உங்களைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் பார்ப்பார். கட்டாய போஸ்கள் ஏழில் இரண்டு முழுக்க முதுகுப் பக்கம், இரண்டு பக்கவாட்டு. விங்ஸ் (முதுகின் இருபக்க அகலத் தசை), பக்கவாட்டு ஷோல்டர், பின்தொடை, காஃப் இந்த நான்கையும் முன்னால் வையுங்கள். விங்ஸும் ஷோல்டரும் அகன்றால் இடுப்பு தானாகச் சிறுத்துத் தெரியும். இடுப்பெலும்பு அகலமாகப் பிறந்தவனுக்கு வேறு வழியும் இல்லை.

ஒவ்வொரு செட்டையும் நோட்டில் எழுதுங்கள். என் முதல் நோட்டில் வியர்வை பட்டு மை ஊறிப்போன பக்கங்கள் நிறைய. ஆனாலும் 'ரோயிங் 32.5 × 11' (32.5 கிலோ, 11 ரெப்ஸ்) என்று படிக்க முடிகிறது. அடுத்த வாரம் 12 வந்ததா இல்லையா என்பதுதான் வளர்ச்சி. பம்ப் வந்த, அதாவது பயிற்சியில் ரத்தம் ஏறிப் புடைத்த கையை செல்ஃபி எடுத்தால் அது தெரியாது.

4. தட்டில் எவ்வளவு

உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு 112 முதல் 154. வயதாக ஆக, ஒரே வேளையில் கொஞ்சம் கூடுதலாகப் புரதம் போனால்தான் தசை அசைந்து கொடுக்கும். அதனால் காலையில் இட்லி, ராத்திரி மொத்தக் கோழியும் என்று வைக்காமல், நான்கு வேளையும் கிட்டத்தட்ட 30 முதல் 40 கிராம் வருமாறு பிரியுங்கள்.

என் ஒரு நாள்: காலையில் மூன்று முழு முட்டை, ஐந்து வெள்ளைக்கரு (36 கிராம்). மதியம் பச்சையாக 200 கிராம் எடை பார்த்த சிக்கன் (45). சாயங்காலம் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து எடுத்த புரதப் பவுடர் (24). இரவு 150 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர் (37 போல). சோறு மதியமும் உண்டு, ஜிம்முக்குப் பிறகும் உண்டு. சைவம் என்றால் 50 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் 26, 100 கிராம் பனீரில் 18, இரண்டு ஸ்கூப் வே, தயிர் என்று வைத்தால் எட்டிவிடலாம். சுண்டல் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் புரதம் வருவதற்குள் வயிறு நிறைந்துவிடும்.

எல்லோரும் சறுக்குவது பச்சை எடையிலும் வெந்த எடையிலும். 100 கிராம் அரிசி வெந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கலோரி கணக்குப் போடும் போன் ஆப்பில் 'அரிசி' என்று தேடி, தட்டில் வெந்த சோற்றை வைத்து எடை பார்த்தால் கணக்கு மொத்தமும் பொய். நான் எல்லாவற்றையும் பச்சையாகவே அளக்கிறேன்.

அடுத்தது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. தாளிப்பில், பொரியலில், தோசைக்கல்லில் போவதை யாரும் எழுதுவதில்லை. 'சாப்பாட்டைக் குறைச்சிட்டேன், எடை மட்டும் இறங்கல' என்கிற புகாரில் பாதி அந்தத் தாளிப்புக் கரண்டிக்குள் இருக்கிறது. வீட்டில் சமைப்பவரிடம் தினமும் மல்லுக்கட்டாமல் உங்கள் சிக்கனை நீங்களே வேகவையுங்கள். பாத்திரத்தையும் நீங்களே கழுவிவிட்டால் வீட்டில் 20 வாரமும் அமைதி.

சப்ளிமெண்ட்? வே, கிரியேட்டின் 3 முதல் 5 கிராம், வைட்டமின் டி குறைவாக இருந்தால் டாக்டர் சொன்ன அளவு. அவ்வளவுதான். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் சுரண்டிப் பார்க்கும் குறியீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள், போலி ஏராளம்.

5. ஊசிப் பேச்சு

ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லும் பேச்சு வரத்தான் செய்யும். தாமதமாகத் தொடங்கியவரிடம் முதலில் வரும். "வயசாச்சுண்ணே, டெஸ்டோ இறங்கிருக்கும், லேசா ஒரு சைக்கிள் போதும்."

டெஸ்டோ என்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், சைக்கிள் என்பது சில வாரம் தொடர்ந்து ஊசி போடுவது. ஹார்மோன் இறங்கியிருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும், அதற்கு வைத்தியம் பார்க்க டாக்டர் இருக்கிறார். போட்டிக்காகப் போடும் அளவு வேறு கதை. நல்ல கொழுப்பு சரியும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும், உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். 25 வயது ரத்தக்குழாய்க்கு இருக்கும் தாக்குப்பிடிப்பு 45-இல் இருக்காது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை இன்னும் மோசம். சோடியமும் பொட்டாசியமும் தடுமாறினால் இதயத் துடிப்பு அன்றைக்கே நின்றுவிடலாம். 1992-இல் முகமது பெனாசிஸா என்ற உலகத் தர வீரர் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தது இந்த மாத்திரை விவகாரத்தோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது.

உள்ளூர்ப் போட்டிகளில் சோதனை நடப்பது அரிது. அதனால் உங்கள் பக்கத்தில் நிற்பவர் போட்டவராக இருக்கலாம். நான் போடாமல் ஆறாவது வந்தேன். இது உறுத்தும் என்றால் இப்போதே முடிவெடுங்கள், 18-ஆவது வாரத்தில் பசியோடு இருக்கும்போது எடுக்காதீர்கள்.

6. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முதல்முறைக்காரர்கள் எல்லோரும் தங்கள் மேடை எடையைக் கூடுதலாகவே நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

எடை 78 கிலோ, கொழுப்பு 20 சதவீதம் என்று வையுங்கள். கொழுப்பு 15.6 கிலோ, மீதி 62.4. மேடைக்குக் கொழுப்பு 7 சதவீதம் போல வர வேண்டும். 62.4-ஐ 0.93-ஆல் வகுத்தால் 67. எடை குறையும்போது தசையும் தசைக்குள் இருக்கும் நீரும் கொஞ்சம் போகும், ஆக 65 அல்லது 66. இவர்தான் போன வாரம் என்னிடம் "நான் 75 கிலோ கேட்டகிரிண்ணே" என்றவர்.

78-இலிருந்து 65-க்கு 13 கிலோ. வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை இறக்கலாம். வயது கூடியவருக்கு நான் 0.7-ஐத் தாண்ட விடுவதில்லை. அதாவது வாரம் அரை கிலோ சொச்சம். 25 வாரம். அதற்கு மேல் திருமணம், காய்ச்சல், அலுவலக நெருக்கடிக்கு மூன்று வாரம் சேருங்கள். இன்றைக்கு 28 வாரத்துக்குள் இருக்கும் போட்டி உங்களுக்கானது அல்ல.

வேகமாக இறக்கினால் என்ன? கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். இரண்டு வருடம் சேர்த்ததை இரண்டு மாதத்தில் கரைத்துவிட்டு, மேடையில் வெறும் ஒல்லியாக நிற்பீர்கள்.

தேதி எடுக்கும்போது நாள்காட்டியையும் பாருங்கள். கடைசி ஆறு வாரத்துக்குள் தீபாவளியோ பொங்கலோ நெருங்கிய வீட்டுக் கல்யாணமோ வரக் கூடாது. பந்தியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தால் மாமனார் வீட்டில் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

7. இறக்கும் வாரங்கள்

எடை நிலையாக நிற்கும் சாப்பாட்டளவிலிருந்து 300 முதல் 500 கலோரி குறைத்துத் தொடங்குங்கள். புரதத்தைத் தொடாதீர்கள். கொழுப்பை 45 கிராமுக்குக் கீழே விடாதீர்கள், ஹார்மோனுக்கு அது வேண்டும். குறைப்பது சோற்றிலும் எண்ணெயிலும். மிச்சமிருக்கும் சோறு ஜிம்முக்கு முன்னும் பின்னும்.

தினமும் காலையில் கழிவறை போய்வந்ததும் எடை. ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். முந்தின நாள் ஊறுகாய் தொட்டுக்கொண்டதற்கே ஒரு கிலோ கூடக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை தொப்புளைச் சுற்றி டேப், ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் முன், பக்கம், பின் என மூன்று போட்டோ.

இரண்டு வாரம் சராசரி அசையவில்லை என்றால் 150 கலோரி குறையுங்கள், அல்லது தினமும் 2,000 காலடி கூட்டுங்கள். ஏதாவது ஒன்றை மட்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டால் அடுத்த தடவை குறைக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

'கட்டிங்குக்கு லைட் வெயிட், நிறைய ரெப்ஸ்' என்று ஒரு பழைய பாட்டு எல்லா ஜிம்மிலும் ஓடும். கேட்காதீர்கள். கனமான எடைதான் 'இந்தத் தசை இன்னும் தேவை' என்று உடம்புக்குச் சொல்கிறது. எடையை அப்படியே வைத்துக்கொண்டு, களைப்பு மிஞ்சினால் செட்களைக் குறையுங்கள்.

16-ஆவது வாரத்துக்கு மேல் குளிரும், தூக்கம் கலையும், ஆசை குறையும், சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, நின்றால் மயக்கம் வந்தால் அந்த வகையில் சேர்க்காதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

8. போஸிங்: முதல் வாரத்திலிருந்தே

இதைத்தான் நான் அதிகம் சொல்கிறேன், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எடை குறைக்கத் தொடங்கும் அன்றே போஸிங்கும் தொடங்க வேண்டும். வாரம் மூன்று நாள் 15 நிமிடம், கடைசி எட்டு வாரம் தினமும் 30 நிமிடம்.

பாடிபில்டிங்கில் கட்டாய போஸ்கள் ஏழு: ஃப்ரண்ட் டபுள் பைசெப்ஸ், ஃப்ரண்ட் லாட் ஸ்ப்ரெட், சைட் செஸ்ட், பேக் டபுள் பைசெப்ஸ், பேக் லாட் ஸ்ப்ரெட், சைட் ட்ரைசெப்ஸ், ஆப்ஸ் அண்ட் தை. இவற்றுக்கு முன்னால் நான்கு கால்திருப்பங்கள். வலப்பக்கமாகத் திரும்பித் திரும்பி நான்கு பக்கமும் காட்டுவது.

எல்லா போஸும் பாதத்தில் தொடங்கும். ஃப்ரண்ட் டபுள் பைசெப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர் கையை மட்டும் தூக்கிவிடுவார், தொடை தூங்கிக்கொண்டிருக்கும், வயிறு முன்னால் வந்து நிற்கும். சரியான வரிசை இது. ஒரு காலைச் சற்று முன்பக்கமாக வெளியே வைத்து, விரல்களால் தரையைப் பற்றுங்கள். தொடையை இறுக்குங்கள். மூச்சை விட்டு வயிற்றை உள்ளே இழுங்கள். விங்ஸை விரியுங்கள். அதற்கப்புறம்தான் கை மேலே போகும். முழங்கை தோளைவிடச் சற்று உயரத்தில், மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி. கடைசியாக முகம். முகம் சுளித்தால் உங்கள் வேதனையைத்தான் நடுவர் பார்ப்பார், தசை கண்ணில் படாது.

பின்பக்க போஸ்களில் ஒரு காலைப் பின்னால் விரல்நுனியில் ஊன்றி காஃபைக் காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு இரண்டு பாதத்தையும் பதித்து நிற்பவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு பேராவது உண்டு.

ஒவ்வொரு போஸையும் 30 நொடி பிடித்துப் பழகுங்கள். மேடையில் அவ்வளவு நேரம் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒப்பிடுவதற்காக அதே போஸைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், மூன்றாவது தடவையில் தொடை நடுங்கும். முதல் மாதம் கண்ணாடி முன்னால், அப்புறம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி. மேடையில் கண்ணாடி கிடையாது. போனில் வீடியோ எடுத்து ராத்திரி பாருங்கள், பார்க்கவே கூச்சமாக இருக்கும், பாருங்கள்.

என் முதல் மேடையில் நடந்தது. முன்வரிசைக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. 'அப்பாடா' என்று பின்வரிசையில் வயிற்றைத் தளர்த்தி, இடுப்பில் கை வைத்து நின்றேன். ஓரத்தில் இருந்த நடுவர் ஒருவர் நேராக என்னைப் பார்த்தார், குனிந்து எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எடுத்த போட்டோவில் என் தொப்பை தெரிகிறது, 25 வாரம் கரைத்த பிறகும். மேடையில் கால் பட்டதிலிருந்து இறங்கும்வரை 'சும்மா நிற்பது' என்று ஒன்று கிடையாது.

தனிச் சுற்றுக்கு 60 நொடி இசை வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு போஸ் போதும். நடுவில் மறந்துபோனால் சைட் செஸ்ட்டுக்குப் போய்விடுங்கள்.

9. கடைசி ஏழு நாள்

புதிதாக எதுவும் செய்யாதீர்கள். தயாராக இல்லாதவரைக் கடைசி வாரம் தயாராக்காது. தயாராக இருப்பவரைக் கெடுக்க மட்டும் முடியும்.

தண்ணீரை நிறுத்தச் சொல்வார்கள். தசையில் நான்கில் மூன்று பங்கு நீர்தான். நீரை நிறுத்தினால் தோலுக்கடியில் இருப்பது மட்டும் கணக்காகப் போகாது, தசையும் சப்பையாகும், பம்ப் வராது, ஆள் விழவும் கூடும். தண்ணீரும் உப்பும் வழக்கம்போல. கடைசி இரண்டு நாள் சோற்றைக் கூட்டலாம், கிலோவுக்கு 5 கிராம் மாவுச்சத்து போல. இதையும் மூன்று வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்து, மறுநாள் காலை உடம்பு எப்படி இருந்தது என்று போட்டோவில் பாருங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

உடம்பு முடியை இரண்டு வாரம் முன்னால் ஒருமுறை எடுத்துப் பழகுங்கள், கடைசியாக இரண்டு நாள் முன்னால். அன்றைக்கே ஷேவ் செய்து டேன் போட்டால் எரியும், புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

"நாமளே கறுப்புதானே, டேன் எதுக்கு?" எல்லோரும் கேட்பது. மேடை விளக்கு கறுப்பையும் வெளுக்கவைக்கும். சட்டைக்குள் இருந்த மார்பு ஒரு நிறம், வெயில் பட்ட கை ஒரு நிறம் என்று திட்டுத்திட்டாகவும் தெரியும். முந்தின இரவு இரண்டு பூச்சு, காலையில் ஒன்று. முன்பே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிடுங்கள், அதன்பின் டியோடரன்ட், கிரீம் எதுவும் கூடாது. முழங்கை, பாதம், உள்ளங்கையில் அளவோடு. லாட்ஜில் தங்கினால் பழைய கறுப்புப் போர்வை ஒன்றைக் கொண்டுபோங்கள். வெள்ளை விரிப்புக்குத் தண்டம் கட்டியவன் சொல்கிறேன்.

10. போட்டி நாள்

பையில்: அடையாள அட்டையும் வயதுச் சான்றும் (நகலோடு), ட்ரங்க் இரண்டு, மிச்ச டேன், எண்ணெய், பழைய துண்டு, ரப்பர் பேண்ட், செருப்பு, தளர்வான கறுப்புச் சட்டை, இசை உள்ள பென்டிரைவ், அதே பாட்டு போனிலும். சாப்பாட்டுக்குச் சோறும் சிக்கனும் இரண்டு டப்பா, வாழைப்பழம், கடலைமிட்டாய், தண்ணீர்.

பத்து மணி என்று போட்டிருந்தால் மூன்று மணிக்குக் கூப்பிடலாம். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், உட்கார்ந்தே இருங்கள். எடை பார்க்கும்போது 300 கிராம் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம், சிறுநீர் போய்விட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். அதற்கும் மேலே என்றால் மேல் பிரிவில் நில்லுங்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடாதீர்கள்.

உங்களுக்கு முந்தைய பிரிவு மேடையேறும்போது பம்ப் தொடங்குங்கள். ரப்பர் பேண்டில் ரோயிங், பக்கவாட்டு ஷோல்டர், சில புஷ்-அப். 15 நிமிடம் போதும், வியர்க்கும் முன் நிறுத்துங்கள், டேன் ஓடும். தொடைக்குப் பம்ப் வேண்டாம், கோடுகள் மறையும். எண்ணெய் மெல்லிய பூச்சாக, முதுகுக்கு உதவ ஒரு ஆளை அழைத்துப் போங்கள்.

மேடையில் உங்கள் நம்பரை மட்டும் கேளுங்கள். முடிவு வந்ததும் முகம் தொங்கப்போடாமல் ஒரு நடுவரிடம் போய் "எனக்கு எங்கே குறைஞ்சதுங்க சார்?" என்று கேளுங்கள். எனக்கு "பின்தொடை" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அடுத்த ஒன்றரை வருடம் எதைச் செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

11. மறுநாள் முதல்

அன்றிரவு பிரியாணி சாப்பிடுங்கள், யார் தடுத்தது. பிரச்சினை அடுத்த பத்து நாளில் இருக்கிறது. 25 வாரப் பசி ஒரே நாளில் தீராது. ஒரு வாரத்தில் ஐந்து கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் ஜிம்மை விட்டவர்கள் இருக்கிறார்கள். போட்டிக்கு முன்பே, போட்டிக்குப் பிந்தைய நான்கு வாரச் சாப்பாட்டையும் எழுதிவைத்துவிடுங்கள்: மறுநாளிலிருந்தே 300 முதல் 500 கலோரி கூடுதல், அப்புறம் எடை நிலைக்கும்வரை வாரம் கொஞ்சம். முதல் மாதத்தில் மூன்று நான்கு கிலோ ஏறுவது நல்லதுதான், உடம்பு அந்த ஏழு சதவீதத்தில் வாழ விரும்பாது.

ஒரு வாரம் ஜிம் வேண்டாம், நடை போதும். பிபி, சர்க்கரை மாத்திரையைக் குறைத்திருந்தால், எடை ஏறும்போது அது மறுபடி மாற வேண்டியிருக்கும், டாக்டரிடம் போங்கள். எட்டாவது வாரத்தில் முதல் படியில் எடுத்த அதே பரிசோதனைகளை, அதே லேபில், ஒரு வாரம் கடும் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி எடுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த போட்டித் தேதியை அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எடுக்கலாம்.